பழைய லென்ஸ், புதிய மிரர்லெஸ்: பறவைப் பயணத்தில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அலமாரியில் டிஎஸ்எல்ஆர் காலத்து 300 அல்லது 400 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. கையில் மிரர்லெஸ் கேமரா வந்துவிட்டது. நடுவே ஓர் அடாப்டரைப் போட்டுக்கொண்டு வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோ கிளம்பிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். நல்ல யோசனைதான். டிஎஸ்எல்ஆரில் மிரர் மேலெழ இடம் வேண்டும் என்பதால் மவுண்டுக்கும் சென்சாருக்கும் நடுவே நிறைய இடைவெளி உண்டு: கேனான் இஎஃப் மவுண்டில் 44 மி.மீ., நிக்கான் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ. மிரர்லெஸ்ஸில் அது கேனான் ஆர்எஃப் என்றால் 20, சோனி இ என்றால் 18, நிக்கான் இசட் என்றால் 16 மி.மீ. மிச்சமாகும் இடத்தில்தான் அடாப்டர் உட்காருகிறது.

ஆனால் மாட்டினால் வேலை செய்துவிடும் என்று நம்பி வந்து, விடியற்காலை வெளிச்சம் போய்க்கொண்டிருக்கக் கரையில் நின்று மெனுவைத் தேடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதைவிடக் கவலை தருவது அடுத்து நடப்பது. லென்ஸ் எட்டவில்லை, ஃபோகஸ் பிடிக்கவில்லை என்றதும் பறவையை நோக்கி நடக்கத் தொடங்குகிறார்கள். தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழுகிறது. முட்டை வெயிலில் கிடக்கிறது. லென்ஸின் குறையைப் பறவையின் தலையில் கட்டாதீர்கள். கருவியின் குறையை வீட்டிலேயே தெரிந்துகொண்டு, அதற்கேற்பப் படம் எடுக்கத்தான் இந்த இரண்டு பட்டியல்களும்.

செய்ய வேண்டியவை

*வாங்கும்போது*

1. லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே நூல்நூலாகக் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. வெள்ளைப் படலமாகத் தெரிந்தால் கண்ணாடி மங்கியிருக்கிறது. அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் மினுமினுத்தால் அவை சரியாக மூடாது.

2. அடாப்டர் எந்த வகை என்று கேளுங்கள். வெறும் உலோக வளையம் என்றால் ஃபோகஸும் அப்பர்ச்சரும் உங்கள் கையில்தான். தங்கநிறத் தொடுபுள்ளிகள் உள்ள எலெக்ட்ரானிக் அடாப்டர் என்றால்தான் கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்ளும்.

3. ஆட்டோஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லை. ஏஎஃப்-எஸ் லென்ஸ்களில் ஆட்டோஃபோகஸ் கிடைக்கும். பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

4. அப்பர்ச்சர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். கேனான் இஎஃப் லென்ஸுக்கு வளையமே கிடையாது. வெறும் உலோக அடாப்டரில் அப்பர்ச்சரை மாற்றவே முடியாது. நிக்கான் ஜி வகை லென்ஸ் முழுக்க மூடிக்கொள்ளும். அதற்கு, தனி அப்பர்ச்சர் வளையம் உள்ள அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள்.

5. ட்ரைபாட் காலர் உள்ள டெலி லென்ஸையே தேர்ந்தெடுங்கள். எடை லென்ஸின் நடுவில் தாங்கப்படும். அடாப்டரின் இரண்டு மூட்டுகளும் பிழைக்கும்.

*புறப்படும் முன்*

6. வெகுதொலைவில் உள்ள ஒன்றை ஃபோகஸ் செய்து பாருங்கள். கோபுரக் கலசமோ நிலவோ போதும். அடாப்டர் ஒரு துளி தடித்திருந்தாலும் தொலைவில் உள்ளது எதுவும் கூர்மையாக வராது. மொட்டைமாடியில் தெரிந்தால் மாற்றி வாங்கலாம்; ஏரிக்கரையில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

7. 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்ற மெனு அமைப்பை இயக்குங்கள். உலோக அடாப்டர் மாட்டினால் கேமரா லென்ஸே இல்லை என்று நினைக்கும். பட்டனை அழுத்தினாலும் பல மாடல்களில் படம் விழாது.

8. கேமராவின் உள் ஸ்டெபிலைசருக்கு ஃபோகல் லெங்த்தைச் சொல்லிவிடுங்கள். லென்ஸில் எழுதியுள்ள எண்ணையே கொடுங்கள். கிராப் கணக்கைப் பெருக்காதீர்கள். 400-க்கு 50 என்று கிடந்தால் ஆட்டம் குறையாது. எண் கூடுதலாக இருந்தால் ஸ்டெபிலைசரே படத்தைக் குலைக்கும்.

9. ஃபோகஸ் மேக்னிஃபையரை வலது கட்டைவிரலுக்கு எட்டும் பட்டனில் வையுங்கள். வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் பறவையின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்க இதுதான் வழி.

10. ஊரிலேயே காகத்தையும் மைனாவையும் எடுத்துப் பழகுங்கள். ஃபோகஸ் வளையத்தை எந்தப் பக்கம் திருப்பினால் அருகே வரும் என்று விரல் பழக வேண்டும். நிக்கான் லென்ஸும் கேனான் லென்ஸும் எதிரெதிர்த் திசையில் திரும்பும்.

11. வனத்துறை அலுவலகத்துக்கு போன் செய்து ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை சீசன் என்றாலும், வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய ஆண்டில் பறவைகளும் வராது.

12. கூடுதல் பேட்டரிகளும் பவர் பேங்க்கும் எடுத்துக்கொள்ளுங்கள். மிரர்லெஸ்ஸில் வியூஃபைண்டர் திரையும் சென்சாரும் ஓயாமல் மின்சாரம் குடிக்கும். பறவைக்காகக் காத்திருக்கும் நேரத்திலும் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும்.

*கரையில்*

13. சூரியன் எழும்போதே இடத்தில் இருங்கள். வெயில் ஏறினால் தண்ணீருக்கும் உப்பளத்துக்கும் மேல் காற்று அலையடிக்கும். கொடியக்கரையில் நடுப்பகலில் தொலைதூரப் பூநாரையை எந்த விலை லென்ஸாலும் கூர்மையாக எடுக்க முடியாது.

14. ஷட்டர் வேகத்தை முதலில் முடிவு செய்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். உட்கார்ந்த பறவைக்கு 1/500, பறப்பதற்கு 1/2000 வினாடியில் தொடங்கலாம். கேனானின் 400 மி.மீ. எஃப் 5.6 போன்ற லென்ஸில் ஸ்டெபிலைசர் கிடையாது; கேமராவின் ஸ்டெபிலைசரும் நீள லென்ஸில் குறைவாகவே உதவும்.

15. கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 400 மி.மீ., எஃப் 5.6, 10 மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 20 செ.மீ.தான். கூழைக்கடாவின் அலகில் ஃபோகஸ் விழுந்தால் கண் போய்விடும்.

16. பறவை திரும்பி வரும் கிளையில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். பஞ்சுருட்டானும் கரிச்சானும் பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே இடத்துக்கு வந்து உட்காரும். மேனுவல் லென்ஸுக்கு இதைவிட நல்ல உத்தி இல்லை.

17. பறக்கும் படத்தைப் பெரிய பறவையில் தொடங்குங்கள். மாலையில் அடையத் திரும்பும் நாரையும் கூழைக்கடாவும் சிறகை விரித்து நேர்கோட்டில் மிதந்து வரும். வளையத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே தொடரலாம்.

18. வெள்ளைப் பறவைக்கு வெளிச்சத்தைக் குறையுங்கள். இருண்ட மரத்தின் முன் நிற்கும் கொக்கை கேமரா அளவுக்கு மீறி வெளுக்கவைக்கும். ஒரு ஸ்டாப் குறைத்து, சிறகின் வரிகள் தெரிகின்றனவா என்று வியூஃபைண்டரிலேயே பாருங்கள்.

19. காரிலிருந்து எடுக்க முடிந்தால் இறங்காமல் எடுங்கள். மனித உருவத்தைக் கண்டு எழும் பறவை நின்ற வண்டியைப் பொறுத்துக்கொள்ளும். இன்ஜினை அணைத்துவிட்டு, பயறு நிரப்பிய துணிப்பையை ஜன்னலில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்து வையுங்கள்.

20. பறவையின் உடல்மொழியைப் பாருங்கள். இரை தேடுவதை நிறுத்தித் தலையைத் தூக்கினாலோ எச்சரிக்கைக் குரல் கொடுத்தாலோ நீங்கள் ஏற்கெனவே மிக அருகில் வந்துவிட்டீர்கள். அங்கேயே நில்லுங்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள்.

*திரும்பிய பிறகு*

21. கடற்கரையிலிருந்து வந்த அன்றே லென்ஸைத் துடையுங்கள். தனுஷ்கோடியிலும் கொடியக்கரையிலும் காற்றிலேயே உப்பு இருக்கிறது. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்பக்கத்தையும் அடாப்டரையும் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள்.

22. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் போட்டு லென்ஸை வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் திறந்த அலமாரியே பூஞ்சைக்குப் போதும்.

23. பார்த்த பறவைகளின் பட்டியலை ஈபேர்ட் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். சுமாரான படம்கூட எந்த ஏரிக்கு எந்தப் பறவை எப்போது வந்தது என்பதற்குச் சான்றாகும்.

செய்யக்கூடாதவை

*வாங்கும்போது*

1. 'பூஞ்சைதானே, துடைத்தால் போய்விடும்' என்ற பேச்சை நம்பாதீர்கள். அது கண்ணாடியின் மேல்பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு போகாது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள்.

2. பறவைக்காக ஃபோகல் ரெட்யூசர் வாங்காதீர்கள். பார்வைக்கு அடாப்டர்தான், உள்ளே கண்ணாடி இருக்கும். 0.71 மடங்கு ரெட்யூசரில் 400 மி.மீ. லென்ஸ் 284 ஆகச் சுருங்கும். உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு.

3. முதல் பறவை லென்ஸாக 500 மி.மீ. மிரர் லென்ஸை வாங்காதீர்கள். எடையும் விலையும் குறைவுதான். ஆனால் அப்பர்ச்சர் பெரும்பாலும் எஃப் 8-லேயே நிற்கும், கான்ட்ராஸ்ட் குறையும், பின்னணியில் ஒளி விழும் இடமெல்லாம் வளையம் வளையமாகத் தெரியும்.

4. 'பொருந்தும்' என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுப் பணம் கொடுக்காதீர்கள். மவுண்டில் பொருந்துவது வேறு, பறக்கும் பறவையைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்வது வேறு. உங்கள் கேமராவில் மாட்டி, தொடர் ஃபோகஸில் சாலையில் வரும் வண்டியை எடுத்துப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

5. டெலிகன்வெர்ட்டரை எல்லா லென்ஸிலும் அழுத்தி மாட்டாதீர்கள். சிலவற்றின் முன்கண்ணாடி வெளியே நீண்டிருக்கும்; லென்ஸின் பின்கண்ணாடியில் இடித்தால் இரண்டும் கீறும். பொருந்தினாலும் 1.4 மடங்குக்கு ஒரு ஸ்டாப், 2 மடங்குக்கு இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும்.

*புறப்படும் முன்*

6. ஊரில் சோதிக்காத எதையும் பையில் வைக்காதீர்கள். புது அடாப்டர், புது மெமரி கார்டு, புது ஃபர்ம்வேர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பயணத்துக்கு முந்தைய இரவு ஃபர்ம்வேரை மாற்றாதீர்கள். நன்றாக ஓடிய அடாப்டர் நின்றுபோனால் திருத்த நேரம் இருக்காது.

7. விமானத்தில் போகிறீர்கள் என்றால் உதிரி லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பையில் போடாதீர்கள். உதிரிகளும் பவர் பேங்க்கும் கையில் கொண்டுபோகும் பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-மணிக்கு மேற்பட்டதை விமான நிறுவனத்திடம் கேட்காமல் எடுத்துச் செல்லாதீர்கள்.

8. லென்ஸை கேமராவில் மாட்டியபடியே பேருந்து, ரயில் பயணத்துக்குப் பையில் வைக்காதீர்கள். ஒவ்வொரு குலுக்கலும் அடாப்டர் மூட்டில் இறங்கும். கழற்றி, முன்னும் பின்னும் மூடி போட்டு, தனித்தனியாக வையுங்கள்.

9. வேறு நிறுவன லென்ஸோடு எலெக்ட்ரானிக் முதல்திரை ஷட்டரை யோசிக்காமல் பயன்படுத்தாதீர்கள். அதிவேக ஷட்டரில் படத்தின் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் இருட்டாகவும் வரக்கூடும். முழு மெக்கானிக்கல் ஷட்டர் இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

10. ட்ரோனை எடுத்துக்கொள்ளாதீர்கள். சரணாலயத்தில் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. கூடுகளுக்கு மேலே வரும் எதையும் பறவை வல்லூறாகவே எடுத்துக்கொள்ளும், கூட்டமே எழுந்துவிடும்.

*கரையில்*

11. கனமான லென்ஸைத் தொங்கவிட்டு கேமராவின் பட்டையில் சுமக்காதீர்கள். அடாப்டர் மூட்டு தளர்ந்தால் லென்ஸ் ஒரு பக்கம் சாய்ந்து, படத்தின் ஒரு ஓரம் எப்போதும் மங்கும். லென்ஸ் காலரில் பட்டையைக் கட்டுங்கள்.

12. சூரியனை நோக்கி டெலி லென்ஸைத் திருப்பி வைக்காதீர்கள். மிரர்லெஸ்ஸில் சென்சாரை மறைக்க மிரர் இல்லை. குவிந்த வெயில் ஷட்டர் திரையையும் சென்சாரையும் சுட்டுவிடும். நடக்கும்போதும் மூடி போட்டிருங்கள்.

13. பறக்கும் பறவைக்குச் சைலன்ட் ஷட்டரை நம்பாதீர்கள். சென்சார் வரிவரியாகப் படிப்பதால் வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து விழும். ஸ்டாக்டு சென்சார் கேமராவில் இது குறைவு. மற்றவற்றில் சத்தமில்லாத ஷட்டரை உட்கார்ந்த பறவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

14. ஃபோகஸ் பீக்கிங்கின் நிறத்தை மட்டும் பார்த்துப் பட்டனை அழுத்தாதீர்கள். பறவைக்கு முன்னால் உள்ள சுள்ளியும் அதே நிறத்தில் மின்னும். பீக்கிங்கில் நெருங்கி, பெரிதாக்கிப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

15. காற்றை நோக்கியபடி லென்ஸ் மாற்றாதீர்கள். பல கேமராக்களில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் திறந்தே கிடக்கும். முதுகைக் காற்றுக்குக் காட்டி, கேமராவைத் தரை பார்க்கப் பிடித்து மாற்றுங்கள்.

16. ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படியும். பழைய லென்ஸில் அது உள்ளேயும் இறங்கும். அரை மணி நேரம் பை மூடியே இருக்கட்டும்.

17. கூட்டை நெருங்காதீர்கள், கிளையை ஒதுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வேட்டை என்ற வரையறைக்குள் வருகிறது. தாய் விலகிய நேரத்தில் காகம் குஞ்சைத் தூக்கிவிடும்.

18. மொபைலில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். ஆறுமணிக்குருவி அந்தக் குரலைத் தன் இடத்துக்கு வந்த போட்டியாளராக நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வரும். அது தானாகவே காலையிலும் மாலையிலும் குரல் கொடுக்கும். அப்போது அங்கே இருங்கள்.

19. ஆந்தை மீது ஃபிளாஷோ டார்ச்சோ அடிக்காதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண் சிறிது நேரம் ஒன்றும் தெரியாமல் திணறும். அந்த நேரத்தில் பறந்தால் கம்பியில் மோதும்.

20. பறக்கும் படத்துக்காகக் கல்லெறியாதீர்கள், கைதட்டாதீர்கள். கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வந்திருக்கிறது. வீணாக எழும் ஒவ்வொரு முறையும், திரும்பிப் போவதற்காக அது சேர்த்துவைக்கும் கொழுப்பு கரைகிறது.

21. ஊர்க்காரர்களின் கட்டுப்பாட்டை மீறாதீர்கள். வேடந்தாங்கல் மக்கள், சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைத் தடுக்க 1798-லேயே கலெக்டரிடம் உரிமைப் பத்திரம் வாங்கியவர்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கே போய் ஹாரன் அடிப்பது அவர்கள் காத்துவந்ததைக் கெடுப்பது.

*திரும்பிய பிறகு*

22. சென்சாரில் தூசி தெரிந்தால் வாயால் ஊதாதீர்கள். எச்சில் துளி ஒட்டினால் தூசியைவிடப் பெரிய வேலை. ரப்பர் புளோயரை மட்டும் பயன்படுத்துங்கள். போகவில்லை என்றால் சர்வீஸில் கொடுங்கள்.

23. லென்ஸோடு வந்த பழைய தோல் உறையில் லென்ஸை வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பூஞ்சை பிடித்த பல நல்ல லென்ஸ்கள் அந்த உறைக்குள் பத்திரமாக இருந்தவைதான்.

24. கூடு இருக்கும் இடத்தை இணையத்தில் போடாதீர்கள். இடக்குறி உள்ள ஒரு படம் அடுத்த ஞாயிறே கூட்டத்தை அழைத்துவரும். வேட்டை அபாயம் உள்ள பறவைகளின் இடத்தை ஈபேர்டே மறைத்துவைக்கிறது. படத்திலிருந்து ஜிபிஎஸ் விவரத்தை நீங்களும் நீக்கிவிட்டுப் பகிருங்கள்.

இன்று மாலையே தொடங்குங்கள்

மூன்று வேலைகள் போதும். டார்ச் அடித்து லென்ஸின் உள்ளே பாருங்கள். மொட்டைமாடிக்குப் போய்த் தொலைதூரக் கலசத்தில் ஃபோகஸ் விழுகிறதா என்று பாருங்கள். பக்கத்துச் சுவரில் உட்காரும் காகத்தின் கண்ணைக் கூர்மையாக எடுத்துப் பாருங்கள். மூன்றும் சரியாக வந்தால் டிக்கெட் போடுங்கள். ஒன்று சறுக்கினாலும் அதைச் சரிசெய்யும்வரை லென்ஸை வீட்டில் வைத்துவிட்டு, பைனாகுலரோடு போய்வாருங்கள். படம் அடுத்த சீசனிலும் எடுக்கலாம். அதற்குப் பறவை அடுத்த சீசனிலும் அந்த மரத்துக்கு வர வேண்டும்.